ஆளிருப்பு

மேடவாக்கம். நாலாவது மாடி.
ஹாலின் மேல்மூலையில்
பட்டாணிக் கண்ணோடு ஒரு வெள்ளைப் பெட்டி.
ஆள் இருந்தால் விளக்கு, இல்லையென்றால் இருட்டு.
விற்றவன் சொன்னது அவ்வளவுதான்.
அப்போது அது எளிதாகத்தான் பட்டது.

முதல் வாரமே என்னை இல்லையென்றுவிட்டது.
சோபாவில் கால் மடக்கித்
தாள் திருத்திக்கொண்டிருந்தேன்,
இரண்டாம் வருஷம், கரிம வேதியியல்,
நாற்பத்து மூன்றாவது மாணவனின் உளறல்.
சட்டென்று இருட்டு.
நிற்காமல் போகிற பஸ்ஸை மறிப்பவள்போல்
தலைக்குமேல் கையை ஆட்டினேன்.
வந்தது வெளிச்சம்.
அப்புறம் ஐந்து தாளுக்கு ஒருமுறை
நான் இருக்கிறேன் என்று
என் வீட்டுக்கே மனுப் போட்டேன்.

"இது சூட்டைப் பார்க்கிற சரக்கு, மேடம்.
மே மாசத்துச் சென்னையில
சுவரும் முப்பத்தேழு, நீங்களும் முப்பத்தேழு.
பாவம், அது என்ன பண்ணும்?"
ஏணியில் நின்றபடி சொன்னார் யேசுபாலன்.
கழற்றிவிட்டு ரேடார் வைத்ததை மாட்டினார்.
"இது மூச்சையே பிடிக்கும்."

அவர் போனதும் நானும்
மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.
முப்பது வரை எண்ண முடிந்தது.
விளக்கு நம்பவில்லை.

பிறகு தொடங்கியது மற்றது.
இரவு இரண்டு நாற்பதுக்கு
யாருமில்லாத ஹாலில் விளக்கு.
படுக்கையறைக் கதவடியில்
மஞ்சளாய் ஒரு கோடு.
முதல் நாள் துடைப்பத்தோடு போனேன்.
இரண்டாம் நாள் வெறுங்கையோடு.

மின்விசிறியாக இருக்கும் என்றார் யேசுபாலன்.
ஹால் விசிறியை நிறுத்தினேன். எரிந்தது.
திரைச்சீலையைக் கழற்றி ஊறப்போட்டேன். எரிந்தது.
இன்வெர்ட்டருக்கு மாறும்போது இப்படிச் செய்யும் என்றார்.
அன்றைக்கென்று கரண்ட் போகவே இல்லை.
கடைசியில் பல்லிமேல் பழியைப் போட்டோம்.
சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து
அது ஒரு தரம் சொல்லிவிட்டு நகர்ந்தது.
எந்தத் திசை, என்ன பலன்,
பார்க்கக் காலண்டர்கூட வீட்டில் இல்லை.

போனில் கணக்கு இருந்தது:
ஆள் உண்டு, 2.41.
ஆள் இல்லை, 2.42.
ஆள் உண்டு, 2.43.
தூரம் நாலரை மீட்டர்.
ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து அளந்தேன்,
பெட்டியிலிருந்து டீவி, ஷூ ராக், வாசற்கதவு.
மூன்று எண்பதிலேயே வீடு முடிந்துவிட்டது.
மீதி எழுபது சென்டிமீட்டர்
நான் தவணை கட்டாத இடம்.

அன்றிரவு கதவின் கண்ணாடிப் பொட்டில்
கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.
எதிர்வீட்டுத் தணிகைவேல்.
கட்டம்போட்ட லுங்கி, வெறுங்கால்.
லிப்ட் வரை பதினோரு அடி,
திரும்பிப் பதினோரு அடி.
எட்டரை மணிக்கு டிபன் பையோடு
லிப்டில் சிரிப்பாரே, அவர்தான்.
கழுத்து அட்டை இப்போதெல்லாம்
முதுகு காட்டியே தொங்குகிறது.

கதவைத் திறக்கவில்லை.
திறந்து என்ன கேட்பது?
பிளைவுட் வழியாக உங்களைப்
பத்து நாளாய் என் விளக்குக்குத் தெரியும் என்றா?

மறுநாள் தூரத்தைக் குறைத்தேன். மூன்றரை.
சரியாகிவிட்டது.
யேசுபாலனுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்,
அவர் இரண்டு அனுப்பினார்.
இரண்டு நாற்பதுக்கு விழிப்பு மட்டும் வந்தது.
கதவடியில் கோடு இல்லை.

ஒரு குறைதான்.
ஷூ ராக் பக்கம் நின்று செருப்பு மாட்டும்போது
இப்போது நானும் இல்லை.
நேற்று விடியுமுன் கிளம்ப வேண்டியிருந்தது.
இடது வலதை மாற்றிப் போட்டுக்கொண்டு
கதவைத் திறந்தால், லிப்டருகே அவர்.
என் தோளைத் தாண்டி உள்ளிருட்டைப் பார்த்தார்.

"முன்னெல்லாம் ராத்திரியில
உங்க வீட்ல லைட் எரியுமே,
கதவுக்குக் கீழ தெரியும்..."

"ரிப்பேரா இருந்துச்சு சார்.
பார்த்தாச்சு" என்றேன்.

"ஓ" என்றார்.
லிப்ட் வரும்வரை
இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.